பழங்கூரையும் புதுத்தளமும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மனித வாழ்வுக்கு இன்றியமையாதவை. அவற்றுள் உறையுளுக்கு உயிராய் விளங்குவது கூரையே ஆகும். சுவரில்லாத மண்டபத்திலும் வழிப்போக்கர் இரவைக் கழித்துவிடுவர். கூரையில்லாத நான்கு சுவர்களுக்குள் ஒரு மழைநாளைக் கழிப்பதும் அரிது. வெயில், மழை, காற்று ஆகிய மூன்றையும் முதலில் எதிர்கொள்வது கூரையாதலின், வீட்டின் உறுப்புகளுள் முதலில் மூப்படைவதும் அதுவேயாகும்.

மூப்படைந்த கூரை ஒழுகத் தொடங்கும்பொழுது வீட்டுக்குரியவர் முன் இரண்டு வழிகள் தோன்றுகின்றன. பழைய கூரையை அப்படியே விட்டு, அதன்மேல் புதிதாக ஓர் அடுக்குப் பரப்பிவிடுவது ஒரு வழி. பழையதைப் பிரித்தெடுத்து, கெட்டுப்போனவற்றை நீக்கி, மீண்டும் முறைப்படி அமைப்பது மற்றொரு வழி. முன்னதற்குச் செலவு குறைவு; காலமும் குறைவு. பின்னதற்குச் செலவும் காலமும் உழைப்பும் மிகுதி. எனினும் பணத்தையும் நாளையும் மட்டும் எண்ணி இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தால், பின்னர் வீடே இழக்கப்படுதலும் கூடும். இவ்வுண்மையைப் புதுச்சேரி நகரின் பழைய வீடுகள் தெளிவாக எடுத்துக்காட்டுகின்றன.

புதுச்சேரி வங்கக் கடலோரத்தில் அமைந்த பழைய நகரம். 1674-ஆம் ஆண்டு முதல் பிரெஞ்சுக்காரர் அங்குக் குடியேறி வணிகம் நடத்தினர். 1761-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அந்நகரைக் கைப்பற்றி இடித்துத் தரைமட்டமாக்கினர். மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபின், இடிபாடுகளின்மேல் நகரம் புதிதாக எழுந்தது. 1954-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் அதன் ஆட்சி இந்திய அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் அது சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது.

நகரின் நடுவே பெரிய வாய்க்கால் ஒன்று ஓடுகின்றது. அதற்குக் கிழக்கே கடலை ஒட்டி, உயர்ந்த மதிலும் அகன்ற வாயிலும் தூண் வரிசையும் உடைய பிரெஞ்சு முறை வீடுகள் உள்ளன. மேற்கே திண்ணை, தாழ்வாரம், முற்றம் ஆகியவற்றைக் கொண்ட தமிழர் வீடுகள் தெருவை நோக்கி அணிவகுத்து நிற்கின்றன. சில வீடுகளில் இருமுறையும் கலந்திருக்கக் காணலாம். கீழ்த்தளம் தமிழர் முறையிலும், மாடி பிரெஞ்சு முறையிலும் அமைந்திருக்கும். தோற்றத்தில் இவை வேறுபட்டாலும் கூரையைப் பொறுத்தவரை நெருங்கிய உறவினவே. தெருவோரத்திலும் முற்றத்தைச் சுற்றியும் ஓடு வேய்ந்த சாய்கூரை. அறைகளுக்குமேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அமைத்த தட்டையான மாடித்தளம். இத்தளத்தை ‘மெட்ராஸ் தளம்’ என்று கட்டட வல்லுநர் அழைப்பர்.

முதலில் சாய்கூரையை நோக்குவோம். குயவர் களிமண்ணால் வனைந்து சுட்ட நாட்டு ஓடுகள், மூங்கில் அல்லது மரச் சட்டங்களின்மேல் ஒன்றன் விளிம்பை ஒன்று மூடுமாறு அடுக்கப்படும். இவ்வோடுகளை ஆணியோ காரையோ பிணைப்பதில்லை. தம் எடையினாலேயே அவை நிலைத்து நிற்கும். அதனால் காற்றிலும் பூனை, குரங்கு முதலியவற்றின் நடமாட்டத்திலும் அவை விலகுவதும் உடைவதும் உண்டு. இதனை அறிந்த முன்னோர், மழைக்காலம் வருமுன் ஓட்டைப் பிரித்து மேய்வதை ஒரு வழக்கமாகவே கொண்டிருந்தனர். ஓடுகளை இறக்கித் துடைத்து, சட்டங்களைத் தட்டிப் பார்த்து, உடைந்த ஓட்டுக்கும் உளுத்த சட்டத்துக்கும் மாற்று வைத்து, மீண்டும் அடுக்குவர். நல்ல ஓடுகள் பல தலைமுறைக்கும் பயன்பட்டன. பழையதைப் பிரித்துப் பார்த்துத் திருத்துதல் என்னும் முறை தமிழ்நாட்டு மக்களுக்குப் புதியதன்று என்பது இதனால் விளங்கும்.

மெட்ராஸ் தளத்தின் அமைப்பு இதனினும் நுட்பமானது. சுவருக்குச் சுவர் பெரிய தேக்கு உத்திரங்கள் வைக்கப்படும். அவற்றின்மேல் ஒன்றரை அடி அளவு இடைவெளி விட்டுச் சிறிய குறுக்குக் கட்டைகள் வரிசையாகப் பரப்பப்படும். தளத்துக்கென்றே அறுத்துச் சுட்ட, ஓர் அங்குலக் கனமுள்ள சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் தோய்த்து, கட்டைகளுக்குக் குறுக்கே மூலைவாட்டமாக, பக்கவாட்டில் நிறுத்திக் கொத்தனார் ஒட்டிக்கொண்டே செல்வார். கீழே பலகையடித்துத் தாங்க வேண்டிய தேவையில்லை. அறையின் ஒரு மூலையில் தொடங்கும் வேலை எதிர்மூலையில் முடியும்.

இச்செங்கல் வரி உலர்ந்தபின், உடைத்த செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து மூன்று அல்லது நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்புவர். ஆண்களும் பெண்களும் வரிசையாக அமர்ந்து மரக்கட்டைகளால் அதனை நாட்கணக்கில் தட்டுவர். தட்டும்பொழுது கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டே இருப்பர். கட்டை துள்ளி எழும் அளவுக்குத் தளம் இறுகிய பின்னரே தட்டுதல் நிற்கும். அதன்மேல் தட்டோடுகளை இரண்டு வரியாகப் பதித்து, மேல்வரி ஓட்டின் நடுப்பகுதி கீழ்வரியின் இணைப்பை மூடுமாறு செய்வர். மழைநீர் தேங்காமல் வழிவதற்காக மூன்று அடிக்கு ஓர் அங்குலம் என்னும் அளவில் மெல்லிய சரிவும், அச்சரிவின் முடிவில் கைப்பிடிச் சுவரில் தூம்பும் அமைந்திருக்கும்.

இத்தளத்தில் மரமும் செங்கல்லும் சுண்ணாம்பும் தனித்தனித் தொழில் செய்கின்றன. மரம் எடையைத் தாங்குகின்றது. செங்கல் அவ்வெடையைக் கட்டைகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றது. சுண்ணாம்பு நீரைத் தடுக்கின்றது. சுண்ணாம்பின் தன்மை வியக்கத்தக்கது. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டு, நீரூற்றி நீற்றிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாகவே மாறுகின்றது. அது சிறிதளவு வளைந்து கொடுக்கும். தன்னுள் புகுந்த ஈரத்தை வெயிலில் ஆவியாக வெளிவிடவும் வல்லது. பகலில் விரிந்து இரவில் சுருங்கும் மரத்தின்மேல் அது பல்லாண்டு இணங்கி இருப்பதற்குக் காரணம் இவ்வியல்பே.

எனினும் காலம் எதனையும் விட்டுவைப்பதில்லை. தட்டோடுகளின் இடைக்காரை வெயிலில் தேய்கின்றது. பறவைகள் இட்ட எச்சத்திலிருந்து முளைத்த ஆலும் அரசும் விரிசல்களில் வேர் விடுகின்றன. தூம்பில் சருகு அடைத்துக்கொள்கின்றது. தேங்கிய நீர், நுண்ணிய வெடிப்பு வழியே கீழிறங்குகின்றது. புதுச்சேரியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவக்காற்றினால் கொட்டித் தீர்ப்பதாகும். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபொழுது, 24 மணி நேரத்தில் அந்நகரில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை பெய்தது. நான்கு மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் உள்ள ஒரு சிறு மாடித்தளத்தின்மேல் மட்டும் அன்று விழுந்த நீர் 9,600 லிட்டர் ஆகும். அவ்வளவும் தூம்பின் வழியே தடையின்றி ஓடினால் தீங்கில்லை. ஓடாவிடின் அதன் எடையைத் தளமே சுமக்க வேண்டும்.

உள்ளே இறங்கிய நீர் எங்குச் செல்கின்றது? கூடத்தின் நடுவில் சொட்டும் நீர் கண்ணுக்குத் தெரியும். சொட்டாத நீரோ அதனினும் கொடியது. அது செங்கல் வரியில் ஊறிப் பரவி, கட்டைகள் சுவருக்குள் புகுந்திருக்கும் முனைகளைச் சென்றடைகின்றது. அம்முனைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் இல்லை. ஈரம் எளிதில் உலர்வதில்லை. மரத்திலுள்ள ஈரம் நூற்றுக்கு இருபது பங்குக்குக் கீழே இருக்கும்வரை அதனை இற்றுப்போகச் செய்யும் பூஞ்சை அதில் வளராது. அவ்வளவைக் கடந்து ஈரம் நெடுநாள் நின்றால் பூஞ்சை பற்றும். ஈரத்தை விரும்பும் கரையானும் அதனை நாடி வரும். மரத்துக்கு மாற்றாக இரும்பு உத்திரம் வைத்த தளங்களில், உப்புக் கலந்த கடற்காற்றும் ஈரமும் சேர்ந்து துருவை உண்டாக்கும். துருவானது தான் தோன்றிய இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கொள்வதாகலின், சுற்றியுள்ள செங்கல்லை அது பிளந்துவிடும்.

இந்நிலையில் உள்ள தளத்தின்மேல் புதிய அடுக்கு ஒன்றைப் பரப்பினால் என்ன நேரும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,800 கிலோகிராம் எடையுள்ளது. ஏழரை சென்டிமீட்டர், அதாவது மூன்று அங்குலக் கனத்தில் அதனைப் பரப்பினால், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 135 கிலோகிராம் எடை கூடும். மேலே கூறிய சிறு தளத்தின் பரப்பு 20 சதுர மீட்டர். எனவே கூடும் எடை 2,700 கிலோகிராம். அறுபது கிலோகிராம் எடையுள்ள 45 பேர் இரவும் பகலும் இறங்காமல் அத்தளத்தின்மேல் நிற்பதற்கு இது ஒப்பாகும். மக்கள் ஏறி நடமாடும் மாடித்தளத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் எடையைக் கூடுதலாகத் தாங்கும் வலிமை வேண்டும் என்பது இந்தியத் தர விதியில் கூறப்படும் அளவு. ஆளும் பொருளும் ஏறுவதற்கென ஒதுக்கிய அவ்வலிமையுள் பெரும்பகுதியைப் புதிய அடுக்கு ஒன்றே விழுங்கிவிடுகின்றது. அடுத்த பத்தாண்டில் மற்றோர் அடுக்கும் பரப்பினால், தச்சர் தேர்ந்து வைத்த கட்டைகள் தாம் எண்ணியும் பாராத சுமையைச் சுமக்க நேரிடும்.

சுமை மிகுந்தால் கட்டை உடனே முறிந்துவிடாது; முதலில் வளையும். ஆண்டுகள் செல்லச் செல்ல வளைவு மிகும். தளத்தின் நடுப்பகுதி தாழ்ந்து ஒரு சிறு குழியாகும். சரிவு கெட்ட அக்குழியில் மழைநீர் தேங்கும். ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் தேங்கினால் சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோகிராம் எடை கூடும். அந்த எடையால் வளைவு மேலும் மிகும்; வளைவு மிகுந்தால் மேலும் நீர் தேங்கும். இவ்வாறு ஒன்றை ஒன்று வளர்க்கும் தீமைகள் தளத்தைச் சிறிது சிறிதாக வீழ்த்துகின்றன.

எடை ஒன்றே குறையன்று. புதிய அடுக்கினால் தளத்தின் மட்டம் உயர்கின்றது. தூம்பின் வாய் உயர்வதில்லை. எனவே நீர் வெளியேறும் வழி குறுகுகின்றது. கைப்பிடிச் சுவரின் உயரம் குறைந்து, மாடியில் விளையாடும் சிறுவர்க்கு ஆபத்தாகின்றது. படிக்கட்டு அறையின் வாசற்படியைவிடத் தளம் உயர்ந்துவிட்டால் மழைநீர் வீட்டுக்குள்ளேயே இறங்கிவிடும்.

புதிய அடுக்குச் சிமெண்டினால் ஆனதாயின் வேறொரு தீங்கும் சேர்கின்றது. சிமெண்டு வலிமையுடையது, விரைவில் இறுகுவது, ஆயினும் வளைந்து கொடுக்காதது. அடியிலுள்ள சுண்ணாம்புத் தளமும் மரமும் வெப்பத்தால் விரிந்து சுருங்கும் அளவு வேறு. சிமெண்டு விரிந்து சுருங்கும் அளவு வேறு. எனவே இரண்டும் பிரிந்து விரிசல் காண்கின்றன. விரிசல் வழியே இறங்கும் நீர் மீண்டும் மேலே ஆவியாகிச் செல்ல இயலாதவாறு, இறுகிய சிமெண்டுப் பரப்பு தடுத்துவிடுகின்றது. பழைய சுண்ணாம்புத் தளம் மழையில் நனைந்தாலும் வெயிலில் உலர்ந்துவந்தது. மூடப்பட்ட பின்னரோ அது ஆண்டு முழுவதும் ஈரமாகவே இருக்கின்றது. மேலே பார்ப்பவர்க்குப் புதுத்தளம் பளபளப்பாகத் தோன்றும். அதன் அடியில் மரம் இற்றுக்கொண்டிருக்கும்.

அங்ஙனமாயின் ஒன்றன்மேல் ஒன்று பரப்புதல் எவ்விடத்தும் தவறோ எனின், அன்று. உலகின் பல பகுதி மக்களும் இவ்வினாவுக்குத் தத்தம் கூரைக்கேற்ப விடை கண்டுள்ளனர்.

இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன் பகுதியில், வைக்கோலால் வேய்ந்த பழைய வீடுகள் பல உள்ளன. அங்குக் கூரை வேய்வோர் மேற்பகுதியில் மக்கிய வைக்கோலை மட்டும் சீவி எறிந்துவிட்டு, உறுதியான அடிப்பகுதியின்மேல் புதிய வைக்கோலை வேய்வர். அவ்வாறு காக்கப்பட்ட சில கூரைகளின் அடியில், இடைக்காலத்து அடுப்புப் புகை படிந்து கறுத்த வைக்கோல் இன்றும் கெடாமல் இருக்கின்றது. வைக்கோல் எடை குறைந்தது, காற்றோட்டம் உடையது, அதன் அடிப்பகுதி மழையையே காணாதது. ஆதலின் அங்கு மேல்வேய்தல் நன்மை பயக்கின்றது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பழைய கீற்றின்மேல் புதுக்கீற்று வேய்வதும் இத்தகையதே.

சப்பான் நாட்டிலுள்ள இசே என்னுமிடத்துக் கோயிலில் இதற்கு நேர்மாறான முறை வழங்குகின்றது. மரத்தாலும் புல்வேய்ந்த கூரையாலும் ஆகிய அக்கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து நிலத்தில் முற்றிலும் புதிதாகக் கட்டுகின்றனர். 62-ஆம் முறையாக அது 2013-ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டது. கட்டடம் புதியது, கட்டும் முறையோ மிகப் பழையது. தலைமுறைதோறும் தச்சரும் கூரை வேய்வோரும் தம் தொழிலை இளையோர்க்குக் கற்பிக்க இதனால் வாய்ப்பு ஏற்படுகின்றது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீட்டுக் கூரைகளுக்குத் தார் தோய்த்த மெல்லிய பட்டைகளை ஓடுபோல் அடுக்கி ஆணியடிப்பது பெருவழக்கு. அப்பட்டைகள் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து அல்லது பன்னிரண்டு கிலோகிராம் எடையே உள்ளவை. அவ்வாறிருந்தும், அந்நாட்டில் பரவலாகப் பின்பற்றப்படும் மாதிரிக் கட்டட விதி, இரண்டு அடுக்குகள் உள்ள கூரையின்மேல் மூன்றாவது அடுக்கு இடுதல் கூடாது எனத் தடுக்கின்றது. பழைய கூரை நீரில் ஊறியோ இற்றோ இருந்தால் ஒரே ஓர் அடுக்கும் அதன்மேல் இடலாகாது. களிமண் ஓட்டின்மேலும் இடலாகாது என்று அவ்விதி கூறுகின்றது. மெல்லிய பட்டைக்கே இத்தனைக் கட்டுப்பாடு என்றால், அதனினும் பத்து மடங்குக்கு மேல் எடையுள்ள செங்கல் ஜல்லித் தளத்தைப் பரப்புவோர் எத்துணை எண்ணிப் பார்க்க வேண்டும்!

இம்மூன்று நாட்டு வழக்கங்களிலிருந்தும் பொதுவான விதி ஒன்றைப் பெறலாம். அடியில் உள்ளது உலர்ந்தும் உறுதியாகவும் இருக்க வேண்டும். மேலே இடுவது எடை குறைந்ததாகவும் அடியோடு இணங்குவதாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் பொருந்தினால் மேற்பரப்புதல் முறையே. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பிரித்துப் பார்த்தலே முறை.

புதுச்சேரி வீடுகளில் இவ்விதியைச் செயற்படுத்துவது எவ்வாறு? முதற்கண் ஆராய்தல் வேண்டும். அதற்கு ஏற்ற இடம் மாடியன்று, தளத்தின் அடிப்பகுதியே. ஒவ்வொரு கட்டையும் சுவரில் புகும் முனையை வல்ல தச்சர் சுத்தியால் தட்டிப் பார்ப்பார். நல்ல மரம் கணீரென ஒலிக்கும். உளுத்த மரம் மங்கிய ஒலி தரும். கூரிய ஊசியால் குத்தினால் நல்ல தேக்கில் அது இறங்காது. இற்ற மரத்தில் எளிதில் இறங்கும். நூல் ஒன்றைச் சுவருக்குச் சுவர் இழுத்துப் பிடித்தால் கட்டை எவ்வளவு வளைந்துள்ளது என்பது தெரிந்துவிடும். மாடியில் ஓரிடத்தைச் சிறிது தோண்டிப் பார்த்தால், முன்னோர் இட்ட தளத்தின்மேல் பின்னோர் எத்தனை அடுக்குகள் ஏற்றியுள்ளனர் என்பதும் புலப்படும்.

கட்டைகள் யாவும் உறுதியாய் இருந்து, தட்டோடும் இடைக்காரையும் மட்டும் தேய்ந்திருப்பின் முழுத்தளத்தையும் பிரிக்க வேண்டுவதில்லை. தேய்ந்த ஓடுகளைப் பெயர்த்தெடுத்து, விரிசலிலுள்ள வேர்களைக் களைந்து, சுண்ணாம்புக் காரை நிரப்பி, புதிய தட்டோட்டைப் பதித்தால் போதும். பெயர்த்த எடைக்கு ஈடாகவே புதிய எடை ஏறுவதால் கட்டைகளுக்குத் தீங்கில்லை. ஒன்றிரண்டு கட்டைகளின் முனைகள் மட்டும் இற்றிருந்தால், கீழே முட்டுக் கொடுத்து அப்பகுதியை மட்டும் திறந்து, முனையை அறுத்து நீக்கி, அதே வகை மரத்தால் ஒட்டுப் போடலாம்.

கட்டைகள் பலவும் இற்று, தளம் குழிந்து, பல அடுக்குகள் ஏறியிருப்பின் முற்றிலும் பிரித்தலே தக்கது. பிரிக்குமுன் கீழே வலுவான முட்டுகளை நிறுத்த வேண்டும். அங்கங்கே குவித்து வைக்காமல், உடைத்த பொருளை உடனுக்குடன் கீழிறக்க வேண்டும். இன்றேல் குவியலின் எடையே தளத்தை வீழ்த்திவிடும். பிரித்தவற்றுள் பயன்படுவன பல. நூறாண்டு முதிர்ந்த தேக்கில் இற்ற பகுதியை நீக்கினால் எஞ்சிய பகுதி சிறிய அறைக்கு உதவும். முழுச் செங்கற்கள் மீண்டும் பதிக்க உதவும். உடைந்தவை ஜல்லியாகும், தூளானவை காரையில் சேரும். இவ்வேலையைத் தைத் திங்களுக்குப்பின் தொடங்கிக் கோடையில் முடித்தல் நன்று. சுண்ணாம்பு மெல்ல இறுகுவதாகலின், மழை வருமுன் அதற்குப் போதிய காலம் வேண்டும்.

இம்முறைக்கு இடையூறுகளும் உள்ளன. தேக்கின் விலை மிகுதி. தளச் செங்கல் சூளைகள் குறைந்துவிட்டன. சுண்ணாம்பு வேலையும் தளம் தட்டும் வேலையும் நன்கறிந்த கொத்தனார்கள் சிலரே உள்ளனர். வேலை முடியும்வரை வீட்டார் வேறிடத்தில் தங்க வேண்டும். இக்காரணங்களால் சிலர் மேற்பரப்பிலேயே மனநிறைவு கொள்கின்றனர். வேறு சிலர் வீட்டையே இடித்துவிடுகின்றனர். திண்ணையும் தூணும் நிறைந்த தெருக்களின் அழகு இவ்வாறு ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. இந்நிலையை மாற்ற, 1984-ஆம் ஆண்டில் தோன்றிய இந்தியக் கலை, பண்பாட்டு மரபுரிமை அறக்கட்டளை, புதுச்சேரியிலும் கிளை அமைத்துப் பழைய வீடுகளைப் பட்டியலிட்டுப் பாதுகாக்கும் பணியைச் செய்து வருகின்றது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் வைசியாள் வீதியிலுள்ள தமிழர் வீடுகள் பல செப்பனிடப்பட்டு, அத்தெரு தன் பழைய பொலிவைப் பெற்றது. இத்தகைய பணிகள் வீடுகளைக் காப்பதோடு, மறைந்து வரும் கைத்தொழில்களுக்கும் வாழ்வளிக்கின்றன.

காலம் தாழ்த்தினால் நேர்வது யாது என்பதற்குப் புதுச்சேரி மக்கள் நேரில் கண்ட சான்று ஒன்று உண்டு. கடற்கரைச் சாலையில் 1870, 1871-ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்ட மேரி கட்டடம் என்னும் நகராட்சி மாளிகை கம்பீரமாக நின்றது. பிரெஞ்சு ஆட்சியிலும் அதன்பின்னரும் நகரின் பொதுப்பணிகள் பல அங்கே நடைபெற்றன. நெடுநாள் பழுதுற்றிருந்த அம்மாளிகை, 2014-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், பெருமழைக் காலத்தில் இடிந்து வீழ்ந்தது. ஏறத்தாழ 143 ஆண்டு நின்ற மாளிகை கற்குவியலாகக் கிடந்ததைக் கண்டு நகர மக்கள் வருந்தினர். பின்னர் அதே இடத்தில் பழைய வடிவிலேயே அது புதிதாகக் கட்டப்பட்டு, 2021-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திறந்துவைக்கப்பட்டது. இன்று கடற்கரைக்குச் செல்வோர் அதன் வெண்ணிறத் தூண்களை மீண்டும் காணலாம். ஆயினும் பழைய தச்சர் இழைத்த உத்திரங்களையும், பழைய கொத்தனார் கைப்பட்ட சுவர்களையும் எவராலும் மீட்க இயலவில்லை. ஒரு முழுக் கட்டடத்தை மீண்டும் எழுப்பும் செலவோடு ஒப்பிடின், உரிய காலத்தில் பழுது பார்க்கும் செலவு மிகச் சிறிதேயாகும்.

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது பழமொழி. கூரைக்கும் அது பொருந்தும். ஆண்டுதோறும் தூம்பிலுள்ள சருகை அகற்றுதல், முளைத்த செடியை வேருடன் பிடுங்குதல், விரிசல் கண்டவுடன் சுண்ணாம்பு இட்டு அடைத்தல் ஆகிய சிறு செயல்களைச் சிறுவரும் பெரியோர் துணையுடன் செய்யலாம். இவை ஒழுங்காக நடைபெறும் வீட்டில் பெரிய பழுது எளிதில் தோன்றாது. தோன்றிய வீட்டிலும், மேலே எதனைப் பரப்பலாம் என்று வினவுமுன், அடியில் உள்ளது எந்நிலையில் இருக்கின்றது என்று வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை கண்டபின் பரப்பினாலும் நன்று, பிரித்தாலும் நன்று. விடை காணாமல் மூடிய கூரையின்கீழ் அச்சமின்றி உறங்குதல் ஒருவர்க்கும் இயலாது.